மன்னார் வளைகுடாவின் மதிப்பை ரூபாயில் கணக்கிடுவது எப்படி?

கேள்வி இது: ஒரு கடலோர மாவட்டத்தின் பொருளாதாரத்தில் கடலுக்கு உள்ள பங்கை ரூபாயில் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் கரையில் இறங்கும் மீனின் விற்பனை மதிப்பை எடுத்துக்கொண்டால் போதாதா? போதாது என்றால் பவளப்பாறை, கடற்புல் இவற்றுக்கெல்லாம் எப்படி மதிப்பு போடுவது? ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களை ஒட்டிய மன்னார் வளைகுடாவையும் அதற்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

போதாது. மீனின் விற்பனை மதிப்பு என்பது கடல் தந்ததும், டீசலும் ஐஸும் வலையும் ஆள் உழைப்பும் தந்ததும் ஒன்றாகக் கலந்த தொகை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: அந்தத் தொகை உயர்வதால் கடல் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் வீட்டிலும் அந்த மாதம் சோறு இருக்கத்தான் செய்யும். விளைச்சல் எது, விதை எது என்று பிரித்துக் காட்டுவதுதான் இயற்கை மூலதனக் கணக்கின் வேலை. பிரிக்காத கணக்கு எத்தனை கோடியைக் காட்டினாலும் பயன் இல்லை.

இதை மன்னார் வளைகுடா பட்டே காட்டியிருக்கிறது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். வெட்டிய காலம் முழுவதும் அது யாரோ ஒருவரின் வருமானமாகவே ஏட்டில் ஏறியது. மூலதனத்தில் ஏற்பட்ட குறைவாக எங்கும் பதியப்படவில்லை. 2001-ல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தபின்தான் அந்தத் தொழில் படிப்படியாக நின்றது.

இப்படித் தீர்ந்துபோகும் வளத்துக்கு எல் செராஃபி என்ற பொருளியலாளர் கொடுத்த சூத்திரம் எளிமையானது. வெட்டும் செலவு போக நிற்கும் தொகையில் உண்மையான வருமானத்தின் பங்கு = 1 − 1/(1+வ)^(ஆ+1). இங்கே ‘வ’ வட்டி வீதம், ‘ஆ’ வளம் இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்பது. 5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு ஆயுள் என்று வைத்தால் 100 ரூபாயில் 64 ரூபாய் மட்டுமே வருமானம். மீதி 36 ரூபாய் முதலைக் கரைத்து வந்தது. அதை வேறு எதிலாவது முதலீடு செய்தால்தான் வருமானம் தொடரும். பவளப்பாறையில் நிலைமை இதைவிட மோசம். வெட்டிய கல்லோடு அலையைத் தடுக்கும் வேலையும் மீன் தங்கும் இடமும் சேர்ந்தே போகின்றன. சூத்திரம் அவற்றைத் தொடுவதே இல்லை.

முதல் வேலை: இந்தக் கணக்கு எந்த முடிவுக்கு?

மதிப்பீட்டைத் தொடங்கும் நாளிலேயே இதை ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். மூன்று விதமான பயன்பாடு உண்டு, மூன்றுக்கும் மூன்று விதமான எண் தேவை. மாவட்ட, மாநில வருமானத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆண்டுக் கணக்கு என்றால், சந்தையில் கைமாறும் விலையை ஒத்த மதிப்பு மட்டுமே செல்லும். நுகர்வோர் மனதளவில் அடையும் கூடுதல் நன்மையை அதில் சேர்க்கக்கூடாது; தேசிய வருமானக் கணக்கிலும் அது இல்லை. ஒரு துறைமுக விரிவாக்கமோ மணல் அள்ளும் திட்டமோ வரலாமா என்று முடிவெடுக்க, அந்தத் திட்டத்தால் மாறும் பகுதியின் மதிப்பு மட்டும் தேவை. விபத்துக்கு இழப்பீடு கேட்க, விபத்துக்கு முந்தைய நிலையின் பதிவும் மீட்கும் செலவும் தேவை. ஒன்றுக்காகப் போட்ட எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு வல்லுநர் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

‘மொத்த மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி’ என்ற தலைப்புச் செய்தி மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1997-ல் உலகத்தின் எல்லா இயற்கை அமைப்புகளும் ஆண்டுக்கு 33 லட்சம் கோடி டாலர் அளவுக்குப் பயன் தருகின்றன என்று ஒரு ஆய்வுக்குழு கணக்கிட்டது. கவனத்தை ஈர்த்தது, நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் இழந்தால் மனிதனே இல்லை என்னும்போது அந்த மொத்தத்துக்கு என்ன பொருள் என்று பொருளியலாளர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. 40 எக்டேர் கடற்புல் மேல் ஒரு இறங்குதளம் வரப்போகிறது என்றால், அந்த 40 எக்டேர் போனால் யாருக்கு எவ்வளவு குறையும் என்பதே விடை வேண்டிய கேள்வி.

ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட சூழலமைப்புக் கணக்கு முறை ஐந்து ஏடுகளைக் கேட்கிறது: எவ்வளவு பரப்பு, என்ன நிலையில், ஆண்டுக்கு என்னென்ன பயன் எத்தனை டன் அல்லது எத்தனை ஆள், அதன் ரூபாய் மதிப்பு, கடைசியாகச் சொத்து மதிப்பு. பெரும்பாலான அறிக்கைகள் நேராக நாலாவது ஏட்டுக்குப் போய்விடுகின்றன. முதல் மூன்றும் இல்லாமல் எழுதப்பட்ட நாலாவது ஏடு வேறொரு நாட்டின் எக்டேர் மதிப்பை இங்கே ஒட்டியதாகத்தான் இருக்கும்.

பரப்பும் நிலையும்

பரப்புக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம். சிக்கல் நீரின் தெளிவில். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடலும் (மன்னார் வளைகுடா), வடகிழக்குப் பருவத்தில் வடகடலும் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும். இரண்டையும் ஒரே பருவத்தில் பார்க்க பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் வசதி. செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியும் கடற்புல்லும் வானிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். அதனால் நீரில் இறங்கிச் சரிபார்த்த இடங்கள் வேண்டும். அந்த இடங்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வரைபடம் செய்யவும் மறுபாதியை அதன் துல்லியத்தைச் சோதிக்கவும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடங்களைப் பயன்படுத்தினால் துல்லியம் பொய்யாக உயர்ந்து தெரியும்.

துல்லியம் 80 விழுக்காடு என்றால், ஓராண்டில் 5 விழுக்காடு குறைந்தது என்று அறிவிக்க இடமில்லை. இன்னொரு பொறியும் உண்டு: 2018-ல் ஒரு முறையிலும் 2024-ல் இன்னொரு முறையிலும் வரைபடம் செய்துவிட்டு இரண்டையும் கழிப்பது. வரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி முறை மாறியதால் வந்ததாக இருக்கும். புதிய முறைக்கு மாறினால் பழைய படங்களையும் அதே முறையில் திரும்ப ஓட்ட வேண்டும்.

நிலையைப் பார்க்க, நிலையாகக் குறிக்கப்பட்ட இடங்களில் 20 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரித்து, அதன் கீழ் உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, மணல் எவ்வளவு எனப் பதிகிறார்கள். கடற்புல்லுக்கு அரை மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் தண்டு எண்ணிக்கை, இலை நீளம். எந்த மாதம் என்பது மிக முக்கியம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பெரிய வெளிறல், அதாவது வெப்பத்தால் பவளம் நிறமிழப்பது, நடந்தது. கோடை வெப்பம் ஏறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அதன் காலம். மே மாதம் அளந்தால் வெளிறிய பவளத்தை உயிருள்ளதாக எழுதுவதா, செத்ததாக எழுதுவதா என்ற குழப்பம் வரும். வெளிறியது செத்தது ஆகாது, நீர் குளிர்ந்தால் தேறும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை, வெளிறல் முடிந்து சில மாதம் கழித்து ஒருமுறை என்று இரண்டு அளவு எடுப்பது நல்லது.

மீன்: எளிது போலத் தோன்றும் கடினமான பகுதி

இங்கே தேடுவது வளவாடகை: மீன் விற்ற பணத்தில் பிடிக்க ஆன எல்லாச் செலவும், போட்ட முதலுக்கு நியாயமான வருவாயும் போக, கடலுக்கென்று நிற்கும் மிச்சம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் மாதிரி எடுத்து டன் கணக்கையும், முதல் விற்பனை விலையையும், சில்லறை விலையையும் தருகிறது. முதல் விற்பனை விலையைத்தான் எடுக்க வேண்டும். கரையிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் ஏறும் விலை ஐஸ், லாரி, வியாபாரியின் உழைப்பு ஆகியவற்றுக்கானது, கடலுக்கானது அல்ல.

ஏல விலையிலும் ஒரு திருத்தம் தேவைப்படும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு அவரிடமே மீனைக் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவாக. அந்தக் குறைவு உண்மையில் கடனுக்கான வட்டி. முன்பணம் வாங்காத படகுகளின் விலையோடு ஒப்பிட்டு அதைத் திருப்பிச் சேர்க்காவிட்டால் கடலின் பங்கு குறைத்துக் காட்டப்படும்.

ஒரு விசைப்படகின் ஒரு நடைக்குக் கணக்கு இப்படிப் போகும் (எண்கள் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை). மீன் விற்றது 1,00,000 ரூபாய். டீசல் 500 லிட்டர் 45,000. ஐஸும் சாப்பாடும் 6,000. ஏலக் கமிஷன் 5,000. ஆள் கூலி 22,000. வலை, படகு பழுதும் தேய்மானமும் 9,000. போட்ட முதலுக்கு வருவாய் 8,000. ஆகச் செலவு 95,000, மிச்சம் 5,000. இதில் டீசல் வரிச் சலுகை 6,000 ரூபாய் ஒளிந்திருக்கிறது என்றால் அதையும் கழிக்க வேண்டும். அப்போது வளவாடகை பூஜ்யத்துக்குக் கீழே 1,000 ரூபாய்.

ஆள் கூலியில் கவனம் வேண்டும். இங்கே கூலி இல்லை, பங்கு முறை. மீன் நன்றாகப் பட்ட நாளில் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு வெளிவேலைக் கூலியைவிட அதிகம். அந்தக் கூடுதல் பகுதியும் வளவாடகைதான், படகுக்காரர் கைக்குப் போகாமல் ஆட்கள் கைக்குப் போனது. எனவே செலவில் பங்கை அப்படியே கழிக்காமல், அதே ஊரில் அதே திறமைக்குக் கிடைக்கும் கூலியை மட்டும் கழிக்க வேண்டும். நாட்டுப்படகில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கும்: வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும், கருவாடு போடும், விற்கப் போகும் வீட்டுப் பெண்களின் உழைப்பு செலவிலேயே வராது; வளவாடகை அதிகமாகத் தெரியும்.

நடைகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 300 என்று போட்டுவிடுகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி 304 நாள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. 43 வாரத்துக்கு 130 நடை வரும். புயல் எச்சரிக்கை நாளும் வேலைநிறுத்த நாளும் போனால் அதற்கும் கீழே. இந்த ஒரு எண்ணை விசாரிக்காமல் விட்டால் மற்ற எல்லாத் துல்லியமும் வீண்.

வளவாடகை பூஜ்யம் என்றோ அதற்குக் கீழே என்றோ வந்தால் பலர் பதறி, ஒரு ரூபாய் பல கை மாறிப் பெருகும் என்று சொல்லும் சுழற்சி விகிதம் ஒன்றால் பெருக்கி எண்ணைத் தூக்கிவிடுகிறார்கள். அது தவறு. யார் வேண்டுமானாலும் படகு இறக்கலாம் என்ற நிலையில், மிச்சம் தீரும்வரை புதிய படகுகள் வந்துகொண்டே இருக்கும் என்பதை 1954-லேயே பொருளியலாளர் ஸ்காட் கார்டன் விளக்கிவிட்டார். பூஜ்யம் வந்தால் கடல் மதிப்பற்றது என்று பொருள் இல்லை. கடல் தரும் மிச்சத்தை டீசலாக எரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். உலக வங்கி 2012-ஆம் ஆண்டை வைத்து உலக அளவில் இப்படி வீணாகும் தொகையை 8,300 கோடி டாலர் என மதிப்பிட்டது. அறிக்கையில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: இன்றைய நிர்வாகத்தில் வரும் வளவாடகை, மீன் இருப்பு தேறி, படகுகள் அளவோடு இருந்தால் வரக்கூடியது. இடையே உள்ள வித்தியாசம்தான் கொள்கை வகுப்பவருக்குத் தேவையான எண்.

பிடிப்பின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். கோழித்தீவனத்துக்குப் போகும் கழிவு மீனான சங்காயம் டன் கணக்கை உயர்த்தும். அதில் நாளை பெரிதாக வேண்டிய குஞ்சுகள் நிறைய இருக்கும். மொத்த டன் மாறாமல் சங்காயத்தின் பங்கு ஏறினால், முதல் கரைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி தேவையில்லை. ஓர் உண்மையையும் மறைக்காமல் எழுத வேண்டும்: பாக் விரிகுடா விசைப்படகுகள் கொண்டுவரும் மீனில் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால், இலங்கை வடபகுதி மீனவர்களின் கடலில் பிடிக்கப்பட்டது. அது நம் படகுகளின் உற்பத்தியாக இருக்கலாம், நம் கடலின் பயனாக எழுத முடியாது. கலந்து எழுதினால் நம் கடலின் நிலை உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

கடற்புல்லும் இரட்டைக் கணக்கும்

பாக் விரிகுடாவின் நீல நண்டும் பச்சை வரி இறாலும் இளமையில் கடற்புல்லை அண்டி வாழ்பவை. அதனால் ‘நாற்றங்கால் பயன்’ என்று ஒரு தொகையைப் போட்டு, மீன் மதிப்பையும் போட்டு, இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள். ஒரே நண்டை இரண்டு முறை விற்பது போல ஆகிவிடும். பிடிப்பின் மதிப்பை எழுதி, ‘இதில் கடற்புல்லால் வந்தது இவ்வளவு’ என்று உள்வரியாகக் காட்டுவதே முறை.

உள்வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? புல் உள்ள இடத்திலும் இல்லாத மணலிலும் நண்டுக் குஞ்சுகளை எண்ணுங்கள். சதுர மீட்டருக்கு 0.05 கூடுதல் என்றால் எக்டேருக்கு 500 குஞ்சு. அதில் பத்தில் ஒன்று பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தால் 50 நண்டு. ஒன்று 150 கிராம் எனில் 7.5 கிலோ. செலவு போகக் கிலோவுக்கு 100 ரூபாய் நின்றால் எக்டேருக்கு ஆண்டுக்கு 750 ரூபாய். பிழைப்பு வீதம் பத்தில் ஒன்றா, பத்தில் மூன்றா என்பதில் விடை மூன்று மடங்காகிறது. (இவையும் முறைக்கான எண்களே.) ஆகவே ஒற்றை எண்ணைத் தராமல் கீழ், மேல் எல்லைகளைத் தர வேண்டும். ஓர் இனத்துக்கு வரும் தொகை சிறியதாக இருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இறால், கணவாய், மற்ற மீன்கள் என்று அடுத்தடுத்துச் சேரும்போது தொகை வளரும், ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கும்.

கரையைக் காப்பது

பவளப்பாறை அலையின் ஆற்றலைச் சராசரியாக 97 விழுக்காடு குறைக்கிறது என்று பல நாட்டு அளவீடுகளைத் தொகுத்து 2014-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த எண்ணை எடுத்து ‘பாறை இல்லாவிட்டால் 97 விழுக்காடு வீடுகள் போய்விடும்’ என்று எழுதக்கூடாது. அலை ஆற்றலுக்கும் சேதத்துக்கும் இடையே கரையின் உயரம், வீடு இருக்கும் தூரம், கட்டிய பொருள் என எத்தனையோ உண்டு.

சோம்பலான வழி, அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆகும் செலவைப் பாறையின் மதிப்பாகப் போடுவது. மூன்று நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே அது செல்லும்: சுவர் அதே வேலையைச் செய்ய வேண்டும்; இருப்பதில் மலிவான மாற்றாக இருக்க வேண்டும்; பாறை போனால் அரசு உண்மையிலேயே அந்தச் சுவரைக் கட்டும் என்று நம்ப இடமிருக்க வேண்டும். ஆளில்லாத கரைக்குப் பின்னால் யாரும் சுவர் கட்டமாட்டார்கள். அங்கே இந்த முறை இல்லாத மதிப்பை உண்டாக்கும்.

சரியான வழி, எதிர்பார்க்கும் சேதத்தைக் கணக்கிடுவது. 10, 50, 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயல்களை எடுத்து, பாறை இருந்தால் எவ்வளவு சேதம், இல்லாவிட்டால் எவ்வளவு என்று கணினியில் அலை மாதிரியை ஓட்டுங்கள். வித்தியாசம் முறையே 4, 15, 20 கோடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் நிகழும் வாய்ப்பு 0.1, 0.02, 0.01. இடைப்பட்ட பரப்பு: 0.08 × 9.5 = 0.76; 0.01 × 17.5 = 0.175; அதற்கு மேல் 0.01 × 20 = 0.2. கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி. பெரும்பகுதி அடிக்கடி வரும் சிறு புயலிலிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். நூறாண்டுப் புயலை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

மன்னார் வளைகுடாவில் இடையே தீவுகளும் இருக்கின்றன. பாறை தீவைக் காக்கிறது, தீவு கரையைக் காக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவு தேய்ந்து சுருங்கிப்போனதால்தான் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. எனவே தீவு இருக்கும் நிலை, மூழ்கிய நிலை என இரண்டுக்கும் மாதிரியை ஓட்டாமல் இந்தப் பகுதிக்கு எண் தரக்கூடாது.

உயிர்களைப் பற்றிய சான்று ஒடிசாவில் இருக்கிறது. 1999 அக்டோபர் பெரும்புயலில் கேந்திரபாரா மாவட்டத்தின் 409 கிராமங்களை சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் ஆராய்ந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அலையாத்திக் காடு அகலமாக இருந்த இடத்துக்குப் பின்னால் இறப்பு குறைவு. காடு அறவே இல்லாதிருந்தால் கரையிலிருந்து 10 கி.மீ.க்குள் கிராமத்துக்குச் சராசரியாக 1.72 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள். அதே ஆய்வு, அரசின் முன்னெச்சரிக்கை அதைவிட அதிக உயிரைக் காத்தது என்றும் சொன்னது. வேண்டாத முடிவையும் சேர்த்து எழுதியதால்தான் அந்த ஆய்வை நம்ப முடிகிறது.

தாய்லாந்தில் அலையாத்தியை அழித்து இறால் பண்ணை போட்டதைப் பொருளியலாளர் எட்வர்ட் பார்பியர் கணக்கிட்டதும் பாடமாக வைக்கத்தக்கது. 1996 டாலர் மதிப்பில் எக்டேருக்குப் பண்ணை லாபம் 9,632. அதில் 8,412 அரசின் மறைமுக மானியம். உண்மையில் நின்றது 1,220. காட்டை விட்டிருந்தால் 12,392. இந்தக் கடைசி எண்ணில் 10,821 கரைப் பாதுகாப்பு மட்டுமே. அதாவது தீர்ப்பின் பெரும் எடை ஒரே வரியில் நிற்கிறது. இப்படிப்பட்ட வரி எது என்று உங்கள் அட்டவணையிலும் தேடி, உங்கள் பணத்தையும் நேரத்தையும் அந்த வரியைச் சரிபார்ப்பதில் செலவிடுங்கள்.

கரிமம், சுற்றுலா, பாசி

கரிமத்தில் நடக்கும் பிழை எப்போதும் ஒன்றுதான்: இருப்பை ஆண்டு வரவாக எழுதுவது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு உள்ளூர் அளவீடு இல்லாதபோது பயன்படுத்தத் தரும் மதிப்பின்படி, கடற்புல் மண்ணில் ஒரு மீட்டர் ஆழம்வரை எக்டேருக்கு 108 டன் கரிமம். அதை 3.67-ஆல் பெருக்கினால் சுமார் 396 டன் கரியமில வாயு. இது நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது, அழித்தால் வெளிவரக்கூடியது. ஆண்டுக்குப் புதிதாகச் சேர்வது 0.43 டன் கரிமம், அதாவது 1.6 டன் வாயு மட்டுமே. டன்னுக்கு 10 டாலர் என்றால் ஆண்டுக்கு 16 டாலர். 396-ஐ ஆண்டுதோறும் பெருக்கும் அறிக்கை 250 மடங்கு தவறு செய்கிறது. பவளப்பாறைக்குக் கரிம வரவு எழுதவே கூடாது. பவளம் சுண்ணாம்பாக்கும் வேதிவினை வாயுவை வெளிவிடும் வகையைச் சேர்ந்தது.

சுற்றுலாவில் ராமேஸ்வரம் ஒரு பெரிய பொறி. அங்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் கோயிலுக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் வருகிறார்கள். அவர்களின் பயணச் செலவைப் பவளப்பாறை மேல் எழுதுவது நியாயமில்லை. பயணச் செலவு முறையில் ‘இந்தப் பயணத்தில் கடலைப் பார்ப்பதற்காக என்று எத்தனை பங்கு?’ என நேரடியாகக் கேட்க வேண்டும். 400 பேரைக் கேட்டால் விழுக்காட்டு விடைகளில் சுமார் 5 புள்ளி பிழைக்குள் நிற்கலாம். ஆனால் அந்த 400 பேரையும் ஆடி அமாவாசையில் கேட்டால் ஆண்டு முழுவதற்குமான விடை கிடைக்காது. குருசடைத் தீவுக்குப் படகில் போகிறவர், தனுஷ்கோடி மணலில் நிற்கிறவர், கோயிலோடு திரும்புகிறவர் மூவரையும் தனித்தனி அடுக்காக வைத்து மாதிரி எடுங்கள்.

பாசி வளர்ப்பு ஒரே பயிரின் இரு பக்கத்தையும் காட்டும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ கப்பாபைக்கஸ் விதைப்பாசி கட்டினால் 45 நாளில் 240 கிலோவுக்குக் குறையாமல் வரும், காய்ந்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்று. பெண்கள் கையில் நேராகப் பணம் சேரும் தொழில் என்பதால் இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இது வெளிநாட்டுக் கடலிலிருந்து கொண்டுவந்த இனம். குருசடைத் தீவருகே உயிர்ப்பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-லேயே பதிவுசெய்தார்கள். வரவை மூன்றாம் ஏட்டில் எழுதும் கை, படர்ந்த பரப்பை இரண்டாம் ஏட்டில் எழுத வேண்டும். காலங்காலமாகப் பாறையோரம் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் சேகரிக்கும் பெண்களின் வரவு எந்த இறங்குதளப் பதிவிலும் வராது. வீட்டுக் கணக்கெடுப்பில்தான் கிடைக்கும்.

ரூபாயில் எழுதாமல் விட வேண்டியது

ஆவுளியா என்ற கடற்பசுவுக்கு விலை போடாதீர்கள். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. சட்டம் ஏற்கெனவே அதை விற்பனைக்கு அப்பாற்பட்டது என்று முடிவுசெய்துவிட்டது. எத்தனை பார்க்கப்பட்டன, எத்தனை வலையில் மாட்டின, மேயும் புல்வெளி எவ்வளவு என்று எண்களாகவே எழுதுங்கள். ‘இது இருப்பதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்’ என்று மக்களைக் கேட்கும் முறை அடியோடு பயனற்றது அல்ல. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபின் அமெரிக்க மக்களிடம் அப்படிக் கேட்டு 280 கோடி டாலர் என மதிப்பிட்டார்கள்; அது தாங்குமா என்று ஆராய பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையில் குழு அமைந்து 1993-ல் கடும் விதிகளைத் தந்தது. வழக்கில் அதற்கு இடமுண்டு. ஆண்டுக் கணக்கில் இல்லை.

சொத்து மதிப்பு என்பது வரப்போகும் ஆண்டுப் பயன்களை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டுவது. ஆண்டுக்கு 1 கோடி என்றென்றும் வருமானால் 10 விழுக்காட்டில் 10 கோடி, 5-இல் 20 கோடி, 3-இல் 33 கோடி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்த வீதத்தையே பயன்படுத்தி, மூன்று விடைகளையும் அச்சிடுங்கள். ‘என்றென்றும்’ என்ற சொல்லை நிலை ஏட்டோடு ஒத்துப் பாருங்கள்: உயிர்ப்பவளம் வெளிறலுக்கு வெளிறல் குறைந்துகொண்டே போனால் பயனும் அதே வேகத்தில் குறைவதாகத்தான் எழுத வேண்டும்.

கடைசி அட்டவணை ‘யாருக்கு’ என்பது. விசைப்படகு உரிமையாளர், அதன் ஆட்கள், நாட்டுப்படகு, பாசி எடுக்கும் பெண்கள், ஏற்றுமதி நிறுவனம், விடுதிக்காரர், கரையோரக் குடியிருப்பு என்று ஒவ்வொரு பயனையும் பிரித்துக் காட்டுங்கள். இது இல்லாத மொத்த எண்ணை வைத்து, குறைந்த ரூபாய் ஈட்டும் ஏழையின் துறையை அப்புறப்படுத்திவிட்டு அதிக ரூபாய் ஈட்டுவதைக் கொண்டுவரலாம் என்று வாதிட முடியும், வாதிடுவார்கள்.

பணமும் ஆளும் குறைவாக இருந்தால் முதலாண்டில் பரப்பு, நிலை என்ற இரண்டு ஏடுகளை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். அதற்குக் காரணம் கப்பல் பாதை. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. 2025 ஜூலையில்தான் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 மூழ்கியது, அதன் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்தன. இப்படி ஒரு வழக்கில் முதல் கேள்வி ‘விபத்துக்கு முன் அங்கே என்ன இருந்தது, எப்படித் தெரியும்?’ என்பதாகவே இருக்கும். நாடா விரித்து எடுத்த, தேதியும் இடக்குறிப்பும் உள்ள அளவுப் பதிவுகள், நீருக்கடிப் படங்கள், உறைநிலையில் வைத்த மணல், சிப்பி, மீன் மாதிரிகள், மாதாமாதம் இறங்குதளத்தில் எடுத்த பிடிப்புப் பதிவு ஆகியவை குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருந்தால் பருவ மாற்றத்தையும் விபத்தின் விளைவையும் பிரித்துக் காட்டலாம். மாதிரிகளை இரண்டு வெவ்வேறு ஊர்களில் வைத்து, யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்ற கைமாற்றுப் பதிவில் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.